கடலோர வண்டிக்குக் கழுத்து வலி: கோன் செட் கோளாறைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் என் பைக்கின் முன்பக்கம் 'டக்' என்றது. மண்டபம் வந்ததும் ஒரு கடையில் நிறுத்தினேன். கடைப் பையன் டேங்குக்கு முன்னால் இருக்கும் காடி நட்டில் (கழுத்தை இறுக்கும், விளிம்பில் பள்ளம் வெட்டிய நட்டு) உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். சத்தம் போய்விட்டது. ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து உச்சிப்புளியில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக ஒதுங்கப் பார்க்கிறேன், ஹேண்டில் நேராகவே நிற்கிறது. பலம் கொடுத்தால் ஏதோ பள்ளத்திலிருந்து ஏறி வருவதுபோல் வருகிறது, வந்தபின் தேவைக்கு மேல் திரும்புகிறது. குட்டி தப்பித்தது. நான் கருவேல முள்ளில் இறங்கினேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது. சத்தத்தை மட்டும் அடக்கியிருக்கிறோம். ஹேண்டில் திரும்ப உதவும் கழுத்து பேரிங்கான கோன் செட் தேய்ந்தபடியே உள்ளே இருக்கிறது, அதன்மேல் இறுக்கம் வேறு. அதற்கப்புறம் இந்த வேலையை நானே செய்கிறேன், அக்கம்பக்கத்து வண்டிகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். என் வண்டி டிரம் பிரேக் போட்ட நூறு சிசி. உங்களுடையதில் அளவுகள் மாறலாம், முறை மாறாது.

உள்ளே என்ன இருக்கிறது

சேசிஸின் முன்முனையில் ஒரு குழாய். அதுதான் கழுத்து. அதற்குள் டீ ஸ்டெம் நுழைந்து நிற்கிறது. முன் ஃபோர்க்குகளைக் கீழே பிடிக்கும் பாகம் டீ, அதன் நடுவே நிற்கும் தண்டு ஸ்டெம். கழுத்தின் மேல்வாயில் ஒரு கப், கீழ்வாயில் ஒரு கப், அவற்றுக்கு எதிராக ஸ்டெம்மில் இரண்டு கோன், நடுவே பால்ரஸ் என்னும் எஃகு உருண்டைகள். எல்லாம் சேர்ந்ததுதான் கோன் செட். சாதாரண வண்டிகள் பலவற்றில் இவ்வளவுதான். சிலவற்றில் பால்ரஸ் ஒரு தகட்டு வளையத்தில் கோத்து வரும், சிலவற்றில் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும்.

சக்கரத்து பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். கழுத்து பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வரை ஓட்டினாலும் ஹேண்டில் ஒரு சில டிகிரிக்கு மேல் அசைவதில்லை. அதே பால்ரஸ் அதே இடத்திலேயே நின்று குழிக்குக் குழி அடி வாங்குகிறது. அந்த இடத்துக் கிரீஸ் ஒதுங்கிவிடும், திரும்பி வராது. இரும்பும் இரும்பும் நேராக உரசி, கப்பில் வரிசையாகச் சின்னக் குழிகள் விழும். நேராக ஓட்டும்போது விழுந்த குழிகள் என்பதால் நேராக வைத்தால்தான் பால்ரஸ் அவற்றில் உட்காரும். உச்சிப்புளியில் எனக்குக் கிடைத்த 'கொக்கி' அதுதான்.

கீழ் பேரிங் முதலில் போகும். வண்டியின் முன்பாரமும் குழியின் அடியும் அதன் தலையில். முன்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் மணலும் அங்கேதான் படும்.

நம் பக்கத்தில் இதோடு உப்பு சேர்கிறது. கார்த்திகை மாதத்தில் அடுப்படி உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துக்குள் போன உப்பும் அப்படித்தான், மழையே இல்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மணல், வாடைக் காலத்தில் மழை. 2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் போவது சுலபமாகிவிட்டது, ஆனால் சாலையின் இரு பக்கமும் கடல், காற்றில் மணல் தார்மேலேயே ஓடும். போய்வந்ததும் உப்புப் போகட்டும் என்று வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறோம். அங்கே பையன் பீச்சுகுழலை நேராகக் கழுத்தில் பிடிப்பான். அங்கிருக்கும் தூசி மூடி மழைச்சாரலைத் தாங்கும், அந்த அழுத்தத்தைத் தாங்காது. தண்ணீர் உள்ளே போகிறது, கிரீஸ் வெளியே வருகிறது. தனுஷ்கோடியைவிட அந்தப் பீச்சுகுழல்தான் அதிகம் கெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். பக்கெட் நல்ல தண்ணீரும் துணியும் போதும்.

முன் பிரேக் பிடித்தால், குழியில் இறங்கினால் 'டக்'

கழுத்து லூஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் உறுதி செய்யாமல் நட்டைத் தொடாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியை, ஆக்சிலுக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கூட இருப்பவர் கழுத்தின் கீழ்விளிம்பும் டீயும் சேரும் இடத்தில் விரலை வைத்திருக்கட்டும். அங்கே ஆட்டம் விரலில் தட்டுப்பட்டால் கோன் செட்.

அங்கே அசையாமல் ஃபோர்க் குழாயும் அதன் கீழ் உறையும் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா, அது சக்கரத்து பேரிங். டிஸ்க் வண்டியில் காலிப்பர் பேடு ஆடினாலும் இதே 'டக்' வரும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடி குழியில் இறக்கிப் பாருங்கள், சத்தம் நின்றால் பேடு பக்கம் பார்க்க வேண்டும்.

லூஸ் மட்டும்தான், ஹேண்டில் இரு பக்கமும் வழுவழுவென்று திரும்புகிறது என்றால் இறுக்கிக்கொள்ளலாம். கோன் செட் மாற்றி நானூறு ஐநூறு கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இது சகஜம், கப் முழுசாக உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் லூஸ் வந்தால், இறுக்குவதற்கு முன் அடுத்த சோதனை கட்டாயம்.

நேராக வைத்தால் கொக்கி போடுகிறது

சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு விரலால் மட்டும் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். முழுக்கையால் பிடித்தால் எதுவும் தெரியாது. நடுவில் வரும்போது ஒரு சின்ன 'களுக்'கோடு உட்கார்ந்தால், அல்லது நேராக வைத்து லேசாகத் தட்டினாலும் திரும்பி நடுவுக்கே வந்தால், கப்பில் குழி விழுந்துவிட்டது. நல்ல கழுத்தாக இருந்தால் நடுவைத் தாண்டியதும் தன் எடையிலேயே ஒரு பக்கமாகச் சரிய வேண்டும்.

இதற்கு ஒரே வழி கோன் செட் மாற்றுவது. இறுக்கினால் குழி ஆழமாகும், கிரீஸ் வைத்தால் குழிக்குள் கிரீஸ் இருக்கும், அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. திடீரென்று ஒதுங்க வேண்டிய நேரத்தில்தான் தெரியும்.

மெதுவாகப் போனால் தள்ளாடுகிறது

கீழக்கரையிலிருந்து மீன் எடுத்துப்போகும் ஒருவர் வந்தார். "தம்பி, வேகமாப் போனா நல்லாத்தான் இருக்கு. சந்தைக்குள்ள நொழைஞ்சா குடிச்சவன் மாதிரி தள்ளாடுது" என்றார். "யாராச்சும் கழுத்தை இறுக்குனாங்களா பாய்?" என்றேன். "போன வாரந்தான்" என்றார்.

இரு சக்கர வண்டி மெதுவாகப் போகும்போது ஹேண்டில் இடைவிடாமல் சின்னச் சின்னதாகத் திரும்பித்தான் சாயாமல் நிற்கிறது. நமக்கே தெரியாமல் கை அதைச் செய்கிறது. கழுத்து இறுகினால் அந்தத் திருத்தம் தாமதமாகும், வந்தபின் கூடுதலாகும், வண்டி பாம்பு மாதிரி நெளியும். பாயின் வண்டியில் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினோம், தள்ளாட்டம் நின்றது, பழைய 'டக்' திரும்பி வந்தது. அதாவது லூஸும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் நிற்கிற இடம் அந்தப் பேரிங்கில் மிச்சமில்லை. மாற்றத்தான் வேண்டியிருந்தது.

யாரும் இறுக்காமலே இறுகியிருந்தால், கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருக்கும். இல்லையென்றால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கிளட்ச் கேபிளோ ஒயர் கட்டோ இழுத்துப் பிடித்திருக்கும். அதை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை.

வேகம் குறையும்போது ஹேண்டில் நடுங்குகிறது

கழுத்து லூஸ் என்பது ஒரு காரணம்தான். முன் டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தது, காற்றுக் குறைவு, ரிம் கோணல், பின்னால் அளவுக்கு மீறிய பாரம் எல்லாமே இதைச் செய்யும். ஐஸ் பெட்டி கட்டிய வண்டியில் முன்சக்கரத்துப் பாரம் குறைந்து ஹேண்டில் தானாகவே லேசாகிவிடும். பெட்டியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தபின் பேசுவோம். சோதனையைப் பாம்பன் பாலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பக்கக் காற்று நல்ல வண்டியையே ஆட்டும். கையை விட்டுப் பார்க்கும் வீரமும் வேண்டாம். நடுக்கம் வந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஹேண்டிலை முரட்டுத்தனமாகப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து நிறுத்துங்கள்.

திருப்பும்போது 'கரகர'

மணல் அல்லது துரு. சீக்கிரம் கவனித்தால் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்து மீட்கலாம். கப் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும்.

ஒரே பக்கமாக இழுக்கிறது

இது அநேகமாகக் கோன் செட் இல்லை. முன், பின் சக்கரம் ஒரே கோட்டில் இருக்கிறதா, விழுந்த வண்டியா, ஃபோர்க் கோணலா என்று பாருங்கள்.

பிரிப்பது

கோன் செட் வாங்கும்போது வண்டியின் மாடல், வருடம் சொல்லி வாங்குங்கள். ஒரு செட்டில் கப் இரண்டு, கோன் இரண்டு, பால்ரஸ் எல்லாம் இருக்கும். பால்ரஸ் மட்டும் போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். குழி விழுந்த கப்பில் புது பால்ரஸ் போட்டால் அதுவும் அந்தக் குழியில்தான் உட்காரும். டேப்பர் ரோலருக்கு மாற ஆசையிருந்தால், பழைய செட்டின் மொத்த உயரத்தோடு ஒத்துப் பாருங்கள். உயரம் கூடினால் மேல் நட்டுக்கு மரை போதாமல் போகும்.

முதலில் மொபைலில் கேபிள்கள் போகும் வழியை நாலு பக்கமும் படம் எடுங்கள். திரும்பப் பூட்டும்போது கிளட்ச் கேபிளைத் தவறான பக்கம் விட்டு, முழுவதையும் இரண்டாம் முறை பிரித்தவன் சொல்கிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டேங்கின்மேல் பழைய கைலியை நாலாக மடித்துப் போடுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஸ்டெம்மின் மேல் நட்டை ரிங் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். வண்டியைத் தூக்கியபின் அதோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் முன்சக்கரம், மட்கார்டு. டிஸ்க் வண்டியானால் காலிப்பரை ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள், அது வெளியே இருக்கும்போது பிரேக் லிவரைத் தொடவே கூடாது. ஹேண்டில்பாரைக் கழற்றி டேங்கின்மேல் சாய்த்து வையுங்கள். ஹெட்லைட்டை இறக்கி, ஃபோர்க்குகளை உருவி, நிமிர்த்தியே சாத்தி வையுங்கள். ஃபோர்க்குகளை மேலே பிடிக்கும் மேல் பிளேட்டை எடுத்தால் காடி நட்டு தெரியும்.

தரையில் வெள்ளைத் துணி விரித்துவிட்டு, டீயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காடியில் கொக்கிபோல் மாட்டும் சி ஸ்பேனரால் காடி நட்டைக் கழற்றுங்கள். உளி வேண்டாம். உளி பட்ட காடியில் அடுத்த முறை எந்த ஸ்பேனரும் நிற்காது. டீ இறங்கும்போது கீழ் பால்ரஸ் கொட்டும். நல்ல கிரீஸ் இருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு மழையாகக் கொட்டியது, பாதியை காந்தம் வைத்துப் பொறுக்கினேன். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் அளவு வேறாக இருக்கலாம், ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

உள்ளே வந்தது கிரீஸ் மாதிரியே இல்லை. செம்மண் குழம்பு. டீசலில் கழுவித் துடைத்து, கப்பின் பாதையில் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் நகத்துக்குத் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும்தான் அதிகம் இருக்கும்.

பழையதை எடுத்துப் புதியதை ஏற்றுவது

கழுத்துக்குள் நீளமான கம்பியை விட்டு, எதிர்ப்பக்க கப்பின் விளிம்பில் வைத்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் கோணலாகச் சிக்கும். இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். உப்புத் துரு பிடித்திருந்தால் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். பொறுமையைச் சோதிப்பது ஸ்டெம்மின் அடிக்கோன். அதற்கும் டீக்கும் நடுவே மெல்லிய உளியைக் கொடுத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். அடியில் தூசி வளையம் இருந்தால் புதியதைப் போட மறக்காதீர்கள்.

புது கப்பை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிரிட்ஜின் ஃப்ரீசரில், பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மீன் பெட்டி ஐஸில் வைத்தால் ஆகாதா என்று பாய் கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் சுருங்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப் 32 டிகிரியிலிருந்து ஐஸின் பூஜ்யத்துக்கு வந்தால் 0.015 மில்லிமீட்டர், ஃப்ரீசரின் மைனஸ் 18-க்குப் போனால் 0.024 மில்லிமீட்டர். தலைமுடியைவிடக் குறைவுதான், ஆனால் இந்தப் பொருத்தமே அந்த அளவில்தான் இருக்கிறது. வீட்டில் திட்டு வாங்கினாலும் ஃப்ரீசர்தான் நல்லது.

புது கப்பின் பாதையில் சுத்தியல் படக்கூடாது. பழைய கப்பைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து அடியுங்கள். பழையதில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டால் அது உள்ளே மாட்டிக்கொள்ளாது. நீளமான மரைக்கம்பியும் இரண்டு தடித்த வாஷரும் கிடைத்தால் அடிக்காமல் இழுத்தே உட்கார வைக்கலாம், அதுதான் சுத்தமான வேலை. அடிக்கும்போது காது கொடுங்கள். மொத்தை ஒலி மாறி 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் அடி தொட்டுவிட்டது. மேற்கொண்டு அடிக்க வேண்டாம்.

எந்த கிரீஸ்

சாதாரண லித்தியம் கிரீஸ் போடலாம், வருடத்துக்கு ஒருமுறை பிரிக்கத் தயார் என்றால். கடல்காற்றுக்கு அதைவிட நல்லது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். உப்புத் தண்ணீரில் துருவைத் தடுப்பதில் அது கெட்டி. படகுக்காரர்கள் சாமான் வாங்கும் கடைகளில் மரைன் கிரீஸ் என்று கேட்டுப் பாருங்கள். பம்புக்குப் போடும் பழைய வகைக் கால்சியம் கிரீஸும் தண்ணீருக்குக் கரையாது, கழுத்துக்கு ஆபத்துக்கு உதவும். ஆனால் சூடு தாங்காது என்பதால் அதே டப்பாவிலிருந்து சக்கரத்து பேரிங்குக்கு எடுக்காதீர்கள், பிரேக் டிரம் சூட்டில் உருகி ஓடிவிடும். எதைப் போட்டாலும் பழையதை ஒட்டக் கழுவிவிட்டுப் போடுங்கள். வகை கலந்தால் சில ஜோடிகள் நீர்த்துப்போகும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பின் பாதையை நிரப்பி, பால்ரஸை ஒவ்வொன்றாகப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாம் போட்டபின் ஒரு பால்ரஸுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி மிச்சமிருக்கும். அதில் இன்னொன்றைத் திணிக்காதீர்கள், உரசி உருளாமல் நிற்கும். ஸ்டெம்மின் உடம்பிலும் கழுத்தின் உட்சுவரிலும் மெல்லிசாகப் பூசுங்கள், அது பேரிங்குக்காக இல்லை, துருவுக்காக. பூட்டி முடித்தபின் கீழ்விளிம்பைச் சுற்றி ஒரு விரல் கிரீஸை வெளியே வளையமாக விட்டுவைக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கும், மணல் அதில் ஒட்டும். உள்ளே போவதற்கு அது மேல். அவ்வப்போது துடைத்துப் புதிதாக வைத்தால் போதும்.

இறுக்கம் வைப்பது

டீயை ஏற்றி, காடி நட்டைக் கொஞ்சம் பலமாகவே இறுக்கி, கோடிக்குக் கோடி ஐந்தாறு முறை திருப்புங்கள். பால்ரஸ் தன் இடத்தில் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் மறையும் இடம்வரை மட்டும் மறுபடி கொண்டு வாருங்கள். பால்ரஸ் செட்டுக்கு அதுதான் இடம். டேப்பர் ரோலருக்கு அதைவிட ஒரு பிடி கூடுதல், திருப்பினால் லேசான கனம் தெரிய வேண்டும்.

மேல் பிளேட், ஃபோர்க் எல்லாம் ஏற்றி மேல் நட்டை முறுக்கியதும் இந்த அளவு மாறிவிடும். மரையில் இருக்கும் இடைவெளியைத் தின்றுகொண்டு அது காடி நட்டைக் கீழே தள்ளும். 'சரியாத்தானே வெச்சேன், பூட்டினதும் இறுகிடுச்சே' என்று புலம்புவது இதனால்தான். ஆகவே மேல் பிளேட்டில் ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை லூஸாகவே விட்டு, மேல் நட்டை முழுசாக முறுக்கி, சக்கரம் தூக்கியபடி ஆட்டமும் திருப்பமும் பாருங்கள். சரியில்லையென்றால் மேல் நட்டைத் தளர்த்தி, காடி நட்டைக் கால்வாசிக் காடி அளவுக்கு மாற்றி, மறுபடி முறுக்குங்கள். எனக்கு மூன்று தடவை பிடித்தது. சரியான பிறகுதான் ஃபோர்க் போல்ட்டுகள்.

சில வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் ஹேண்டில் திரும்பத் தொடங்கும் இழுவை எத்தனை கிராம் என்று கொடுத்திருப்பார்கள். அதற்கு மீன் எடைபோடும் கொக்கித் தராசே போதும். கேபிள்களை மாட்டுவதற்கு முன், ஃபோர்க்கின் மேல்முனையில் மாட்டி, ஹேண்டில் திரும்பும் திசையில், ஃபோர்க்குக்குச் செங்கோணமாக இழுத்துப் பாருங்கள்.

எல்லாம் பூட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் வேகம் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் தப்பான வழியில் போகிறது. முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். முதல் ஓட்டம் வீட்டுத் தெருவுக்குள், அப்புறம் ஆளில்லாத நேரத்தில் மண்டபம் சாலையில்.

முந்நூறிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி ஆட்டம் பாருங்கள், கொஞ்சம் லூஸ் விழுந்திருக்கும். அதன்பின் புரட்டாசியில், வாடை மழை தொடங்குவதற்கு முன், கீழ் பால்ரஸ் தெரியும் அளவுக்கு டீயை இறக்கி கிரீஸ் மாற்றுகிறேன். போன புரட்டாசியில் பாயின் வண்டியைத் திறந்தபோது கிரீஸ் இன்னும் போட்ட நிறத்திலேயே இருந்தது. "அப்ப ஏன் பிரிச்சே?" என்று கேட்டுக்கொண்டே தராசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.